ஐம்பது குச்சியும் ஒரு பஞ்சாரமும்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சொல்வது நான், கருத்தப்பாண்டி, வயது எழுபத்தெட்டு. எழுதுவது என் மருமகள் செண்பகவல்லி. எனக்கு எழுத்து தெரியாது. பஸ் நம்பர் தெரியும், நாள்காட்டியில் தேதி தெரியும். அவ்வளவுதான்.

செண்பகவல்லிக்கு அடுத்த மாதம் இருபத்தேழாம் தேதி பரீட்சை. அஞ்சல் வழியில் பி.காம். படித்தவள். பதினெட்டுத் தாளில் பதினேழு தேறிவிட்டாள். புள்ளியியல் ஒன்று மட்டும் நிற்கிறது. பழைய பாடத்திட்டத்தில் நிலுவை வைத்திருப்பவர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று அறிவித்துவிட்டார்களாம். இதில் விட்டால் பதினேழும் வீண்.

அவளுக்குப் பாடத்தைவிடக் கையை நினைத்துத்தான் பயம். பதினாலு வருஷமாகச் சேர்ந்தாற்போல் எழுதியதில்லை. அங்கே மூன்று மணி நேரம் எழுத வேண்டும்.

"தினமும் நீங்க ஏதாச்சும் சொல்லுங்க மாமா, நான் எழுதுதேன். கை பழகணும்" என்றாள்.

"நான் என்னத்தச் சொல்ல?"

"உங்களுக்குத்தான் ஒண்ணு விடாம ஞாபகம் இருக்குமே. அன்னன்னைக்கு நடந்ததச் சொல்லுங்க. பழசையும் சொல்லுங்க."

நான் பேச்சில் சொல்வதை அவள் எழுத்தாக மாற்றி, பிறகு வாசித்துக் காட்டுகிறாள். யாரோ வக்கீல் பேசுகிற மாதிரி இருக்கிறது.

ஒரு பக்கம்கூட ஆகவில்லை, கையை உதறுகிறாள். இன்றைக்குப் போதும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் தூறல். தண்ணீர் லாரி வரவில்லை. செண்பகவல்லி வேலைக்குப் போய்விட்டு ஆறு மணிக்கு வந்தாள். நான் வேலை பார்த்த அதே தீப்பெட்டி ஆலையில்தான் அவளும் பேக்கிங் பார்க்கிறாள்.

நான் அங்கே முப்பத்தோரு வருஷம் இருந்தேன். பெட்டிக்கு ஐம்பது குச்சி. பெண்கள் கையால் அள்ளி அடைப்பார்கள். பண்டலுக்கு ஒரு பெட்டி உருவிப் பிரித்துக் குச்சியை எண்ணுவது என் வேலை. லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணுவேன். எங்கள் பக்கம் எண்ணத் தொடங்குகிறவன் ஒன்று என்று வாயைத் திறக்கமாட்டான், லாபம் என்றுதான் தொடங்குவான். நான் முதன்முதலில் பிரித்த பெட்டியில் ஐம்பத்திரண்டு குச்சி இருந்தது. அறுபத்தொன்பதாம் வருஷம், தை மாதம், ஒரு புதன்கிழமை. அடைத்தவள் ஆவுடைத்தாய். பச்சைச் சேலை, இடது கட்டைவிரலில் துணிக்கட்டு.

எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே கேட்டாள். "நான் ரெண்டாவது தடவை இந்தத் தாளுக்குப் பணம் கட்டுன வருஷம் ஹால் டிக்கெட்டே வரலையே. ஏன் மாமா வரல?"

அதெல்லாம் எனக்கு நினைவில்லை. மறுபடியும் தூறல் போட்டது. கொடியில் துணி கிடந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று ஒரு கணக்கை வாசித்தாள். ஒரு கம்பெனியில் செய்யும் பல்புகள் சராசரியாக இத்தனை மணி நேரம் எரிகின்றன என்று தொடங்கியது.

"எரிஞ்சு முடியிற வரைக்கும் பக்கத்துல யாரு உக்காந்து பாத்தா?" என்றேன்.

"மாமா, கணக்குல அப்படித்தான் குடுப்பாங்க."

"அவன் குடுத்தா? நீ பெட்டிக்கு மாத்திச் சொல்லு."

மாற்றிச் சொன்னாள். குச்சியின் சராசரி ஐம்பது. திட்ட விலக்கம் இரண்டு. ஒரு பெட்டியை எடுத்தால் அதில் நாற்பத்தேழுக்கும் குறைவாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?

"திட்ட விலக்கம்னா என்ன?"

"பெட்டிக்குப் பெட்டி எம்புட்டுத் தள்ளாடுதுங்கிறதுக்கு ஒரு அளவு."

"நூத்துக்கு ஆறு ஏழு பெட்டி அப்படி வரும்" என்றேன்.

அவள் நம்பாமல் கணக்குப் போட்டாள். நாற்பத்தேழு என்பது ஐம்பதிலிருந்து மூன்று கீழே. ஒரு தள்ளாட்டம் இரண்டு குச்சி, ஆக ஒன்றரைத் தள்ளாட்டம். அட்டவணையில் ஒன்றரைக்கு நேராக 0.4332. பாதியிலிருந்து அதைக் கழித்தாள். 0.0668. நூற்றுக்கு ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு.

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"புத்தகம் எழுதுனவன் நம்ம ஆலைக்கு வந்து பாத்துட்டுத்தான் போயிருக்கான்" என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆலையிலிருந்து நூற்று நாற்பத்து நான்கு பெட்டி வாங்கி வந்தாள். இயல்நிலைப் பரவல் என்று புத்தகத்தில் ஒரு மணி மாதிரிப் படம் போட்டிருக்கிறது. அது ஏன் மணி மாதிரி இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை, எனக்கும் பிடிபடவில்லை.

பெட்டியெல்லாம் பிரித்து எண்ணினோம். பக்கத்து வீட்டு யேசுவடியானும் சேர்ந்துகொண்டான். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன், வாயைத் திறந்தால் மூடமாட்டான். "பாண்டி, பணியில இருந்தப்ப சம்பளம் வாங்கி எண்ணுன. இப்ப ஓசியில எண்ணுத" என்றான்.

எண்ணிய பெட்டிகளைச் செண்பகவல்லி தரையில் வரிசையாக அடுக்கினாள். நாற்பத்தைந்து குச்சி இருந்தவை ஓர் அடுக்கு, நாற்பத்தாறு அடுத்த அடுக்கு. இப்படியே ஐம்பத்தைந்து வரை, ஒன்றன்மேல் ஒன்றாக. மெஷின் அடைக்கிற காலத்திலும் தள்ளாட்டம் இருக்கத்தான் செய்கிறது. சாயங்காலம் எழுந்து நின்று பார்த்தேன். நடுவில் உயரமாக, இரண்டு பக்கமும் சரிந்து, ஓரத்தில் ஒற்றைப் பெட்டிகளாக நின்றது. கோயில் மணியேதான்.

முப்பத்தோரு வருஷம் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தவன், எல்லாவற்றையும் சேர்த்து ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எழுத்து தெரியாத நான் அதைப் படித்தேன்.

லாரியில் நாக்பூர் பக்கம் போயிருக்கும் என் மகன் சீனிப்பாண்டி போன் பண்ணினான். "வீட்டுக்குள்ள தீப்பெட்டியக் குன்னு கணக்கா கட்டிட்டு, பக்கத்துல அடுப்பப் பத்த வச்சிராதீக" என்றான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அட்டவணையை வாசிக்கச் சொன்னேன். பூஜ்யம் புள்ளி என்று அவள் வாசிப்பது மனத்தில் நிற்கவில்லை. பத்தாயிரம் பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். நடுவிலிருந்து இத்தனை தள்ளாட்டம் வரைக்கும் பத்தாயிரத்தில் எத்தனை பெட்டி விழும், அவ்வளவுதானே.

அரைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்து. லாபத்துக்கு மூவாயிரத்து நானூற்றுப் பதின்மூன்று. ஒன்றேகாலுக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு. ஒன்றரைக்கு நாலாயிரத்து முந்நூற்று முப்பத்திரண்டு. ரெண்டுக்கு நாலாயிரத்து எழுநூற்று எழுபத்திரண்டு.

இரண்டு தடவை கேட்டேன், முழுப் பக்கமும் உள்ளே போய்விட்டது. இப்போது காலையில் கோழிக்குக் கம்பு போடும்போது சத்தமாகச் சொல்கிறேன். "காலங்காத்தால என்ன ஏலம் போடுதீக?" என்று செண்பகவல்லி அடுப்படியிலிருந்து கத்துகிறாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று சண்டை.

முப்பத்தாறு பெட்டி பிரித்ததில் சராசரி 49.2 என்று ஒரு கணக்கு. தள்ளாட்டம் இரண்டு. அப்படியானால் ஆலையின் உண்மையான சராசரி எதற்கும் எதற்கும் இடையில் இருக்கும்? இதற்கு நம்பிக்கை இடைவெளி என்று பெயர், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பிக்கை. அவள் இரண்டை 1.96-ஆல் பெருக்கி இரண்டு பக்கமும் நீட்டினாள். 45.28 முதல் 53.12 வரை.

நான் சிரித்துவிட்டேன். "அம்புட்டு அகலத்துல லாரியவே திருப்பலாம் தாயி."

"சிரிக்காதீக மாமா. ஆலையில எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து போடுதேன்." கண் கலங்கிவிட்டது.

நான் சிரிப்பை நிறுத்தினேன். பிறகு சொன்னேன். ஒற்றைப் பெட்டி நாற்பத்தாறுக்கும் போகும், ஐம்பத்துநாலுக்கும் போகும். முப்பத்தாறு பெட்டியின் சராசரி அப்படித் தாவாது, நான் பார்த்ததே இல்லை.

தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டை ஆறால் வகுக்காமல் விட்டிருக்கிறாள். முப்பத்தாறுக்கு வர்க்கமூலம் ஆறு. மறுபடி போட்டாள். 48.55 முதல் 49.85 வரை. ஐம்பது உள்ளேயே இல்லை! "அப்ப ஆலை குச்சி கம்மியாத்தான் அடைக்கான்" என்றேன். "கணக்குதானே மாமா, நம்ம ஆலை இல்ல" என்று சிரித்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். பெட்டியை நாலு மடங்கு எடுத்தால் அகலம் கால்வாசி ஆகிவிடும் என்றேன். பாதிதான் ஆகும் என்றாள். முப்பத்தோரு வருஷம் எண்ணினவன் நானா நீயா என்றேன். நூற்று நாற்பத்து நாலுக்கு வர்க்கமூலம் பன்னிரண்டு, ஆறுக்குப் பன்னிரண்டு இரு மடங்குதானே என்று விரல் மடக்கிக் காட்டினாள். நான் சாப்பிட வரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். ரசம் ஆறிய பிறகு, அவள் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டு போய்ச் சாப்பிட்டேன்.

இதை எழுதும்போது மறுபடியும் கேட்டாள், அந்த ஹால் டிக்கெட்டைப் பற்றி. சாப்பிட்டவுடன் பேசினால் எனக்கு விக்கல் வரும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

தொண்ணூற்றைந்து நம்பிக்கை என்றால் என்ன என்று நான் தப்பாக நினைத்திருந்தேன். செண்பகவல்லி கோழியை அடைக்கக் கவிழ்க்கிற மூங்கில் கூடையை, பஞ்சாரத்தை எடுத்து வந்தாள்.

"உண்மையான சராசரி இந்தக் கோழின்னு வச்சுக்கோங்க. அது நின்ன இடத்துலயே நிக்கி. நமக்குத்தான் கண்ணு தெரியல. முப்பத்தாறு பெட்டி எண்ணி, இங்கதான் இருக்கும்னு பஞ்சாரத்தக் கவுக்கோம். வேற முப்பத்தாறு எடுத்தா வேற இடத்துல கவுப்போம். நூறு தடவை கவுத்தா தொண்ணூத்தஞ்சு தடவை கோழி உள்ள இருக்கும்."

"மிச்சம் அஞ்சு தடவை?"

"வெறும் தரை."

"கவுத்த பெறகு உள்ள இருக்கா இல்லையான்னு தெரியுமா?"

"தெரியாது. தூக்கிப் பாக்க முடியாது."

"அப்ப நம்ம கோழிய நம்பல. கவுக்கிற கையத்தான் நம்புதோம்."

அவள் அந்த வாக்கியத்தைத் தன் பாட நோட்டில் எழுதிக்கொண்டாள்.

எங்கள் கோழி மட்டும் நின்ற இடத்தில் நிற்காது.

செப்டம்பர் 8, திங்கள்

கை இன்று மூன்று பக்கம் தாங்கியது.

செப்டம்பர் 15, திங்கள்

இப்போதெல்லாம் ஹால் டிக்கெட் தபாலில் வருவதில்லை. கம்ப்யூட்டர் கடையில் எடுத்து வந்தாள். அவள் படம் போட்டிருக்கிறது. என் கையில் கொடுத்து, "பரீட்சை வரைக்கும் நீங்களே வச்சிருங்க மாமா, பத்திரமா" என்றாள்.

"எங்கிட்ட எதுக்கு? பெட்டியில வச்சுப் பூட்டு."

"இல்ல, உங்ககிட்டயே இருக்கட்டும். போன தடவைதான் வராமலே போச்சு. ஏன் வரலைன்னு இப்பவாவது ஞாபகம் வருதா?"

எனக்குத் தலை வலிக்கிறது. இதோடு நிறுத்து என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

பழைய கேள்வித்தாள் ஐந்தை மணி பார்த்து எழுதினாள். தானே திருத்தினாள், அரை மார்க்கும் விட்டுக்கொடுக்காமல் கறாராக. 58, 66, 61, 70, 65. சராசரி 64. ஐந்தே தாள் என்பதால் அதற்கு வேறு அட்டவணை பார்க்க வேண்டுமாம். பார்த்துப் போட்டதில் 58-க்கும் 70-க்கும் இடையில் வந்தது.

"அப்ப பரீட்சையில அம்பத்தெட்டுலருந்து எழுவதுக்குள்ள வாங்கிருவேன் மாமா! நாப்பது எடுத்தாலே தேர்ச்சி."

"அந்தப் பஞ்சாரம் உன் சராசரிக்குக் கவுத்தது. பரீட்சைங்கிறது ஒத்தப் பெட்டி. அது எங்கயும் போகும்."

முகம் விழுந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் கணக்கு அதுதான்.

செப்டம்பர் 26, வெள்ளி

ஹால் டிக்கெட் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. ஏழு முறை தொட்டுப் பார்த்தேன்.

செப்டம்பர் 27, சனி, காலை

இன்று எழுதுவது யேசுவடியான். செண்பகவல்லி ஏழு இருபது பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போய்விட்டாள். ஹால் டிக்கெட்டை நானே பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய், பஸ் வந்த பிறகு கையில் கொடுத்தேன்.

யேசுவடியான் கையெழுத்து டிக்கெட் கிழிக்கிற மாதிரி இருக்குமாம், அவனே சொல்கிறான். இருக்கட்டும். சொல்வதைச் சொல்லியபடியே எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

அந்த ஹால் டிக்கெட் வந்தது. தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். உறைக்கு உள்ளே பார்த்தேன். எழுத்து தெரியாவிட்டாலும் அவள் படம் தெரிந்தது.

அந்தச் சித்திரையில்தான் என் வீட்டுக்காரி செத்துப்போனாள். பேத்திக்கு ஆறு மாதம். இன்றைக்கு விடுதியில் தங்கிப் படிக்கிறாளே, அவள்தான். சீனிப்பாண்டி லாரிக்குப் போனால் மாதம் கழித்து வருவான். மருமகள் பாஸ் பண்ணிவிட்டால் வேலைக்கென்று டவுன் பக்கம் போய்விடுவாள், நான் மட்டும் இந்த வீட்டில் கிடப்பேன் என்று பயந்தேன். உறையை உத்தரத்து இடுக்கில் செருகினேன். தேதி போன பிறகு கொடுக்கவும் பயம், எரிக்கவும் மனம் வரவில்லை.

பரீட்சை அன்று காலை வரை அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு இருபது பஸ் போகிற சத்தம் கேட்டபோது மாவாட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டுகிற கை ஒரு சுற்று நின்று, மறுபடி சுற்றியது. நான் பார்த்தேன். அதற்கப்புறம் அவள் பணம் கட்டவே இல்லை.

யேசுவடியான் பேனாவை வைத்துவிட்டான். "என்ன வே, இத அவகிட்ட வாயால சொல்லக் கூடாதா?"

"வாயால வரமாட்டேங்கு. வந்திருந்தா உன்ன எதுக்குக் கூப்பிடுதேன்?"

செப்டம்பர் 27, சாயங்காலம்

எழுதுவது செண்பகவல்லி.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேசத் தொடங்கிவிட்டாள்.

"அட்டவணையே இல்ல மாமா! ஹாலுக்கு ஒண்ணுன்னு குடுத்த அட்டவணைப் புத்தகத்துல அந்தப் பக்கம் மட்டும் கிழிஞ்சு போயிருக்கு. முப்பது பேரும் ஒரே சத்தம். வேற புத்தகம் வருதுன்னாங்க, ரொம்ப நேரம் வரல. நான் கண்ண மூடுனேன். நீங்க கோழிக்குக் கம்பு போட்டுக்கிட்டே கத்துனது அப்படியே காதுல வந்துச்சு. ஒண்ணேகாலுக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்து நாலு. பக்கத்துல இருந்த பொம்பள நான் சாமி கும்பிடுதேன்னு நெனச்சு அவளும் கும்பிட்டா."

அரை மணி நேரம் கழித்துப் புத்தகம் வந்ததாம். அதற்குள் மூன்று கணக்கை முடித்துவிட்டாள். ஒத்துப் பார்த்ததில் ஓர் எண்கூட மாறவில்லை.

"இடைவெளிக் கணக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. சிமெண்ட் மூட்டை. அறுவத்து நாலு மூட்டைக்குச் சராசரி 49.6. தள்ளாட்டம் 1.6."

"எட்டால வகுத்தியா?"

"வகுத்தேன்! 49.208 முதல் 49.992 வரை."

"அம்பது வெளிய நிக்கி."

"மயிரிழையில வெளிய."

இரண்டு பேரும் கத்திச் சிரித்தோம். பிறகு இன்றைய பக்கத்தை எழுத நோட்டைத் திறந்தாள். யேசுவடியான் எழுத்தைப் பார்த்தாள். நின்றபடியே வாசித்தாள். நான் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பரீட்சை அன்னைக்கு என்ன தேதி மாமா?"

"வைகாசி ஏழு. சனிக்கிழமை."

"மறக்கல."

"மறக்கல."

உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பழுத்துப்போன ஓர் உறையைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். ஓரத்தில் கரையான் அரித்திருந்தது. நாலு பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்கும்போது உத்தரத்திலிருந்து எடுத்தாளாம்.

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டேனே. இந்த நோட்டுலயே மூணு தடவை கேட்டிருக்கேன். கை பழகத்தான் எழுதுதேன்னு நெனச்சீகளா?"

நான் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"கோவம் இருந்துச்சு மாமா. நாலு வருஷமா உங்களுக்குக் கொழம்பு ஊத்தும்போதெல்லாம் இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப பசிக்கி. மத்தியானம் ஒண்ணும் திங்கல."

நான் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். எனக்குத் தெரிந்தது உப்புமா மட்டும்தான். கட்டி கட்டியாக வந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டாள். கடைசி வாய் வரை ஒரு குறையும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்த பிறகு உப்பே இல்லை என்றாள்.

நவம்பர் 21, வெள்ளி

மதியம் மூன்று மணிக்கு ஆலையிலிருந்து ஓடி வந்தாள். பேக்கிங் மேசையிலேயே போனில் பார்த்திருக்கிறாள். தெரு முனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். நாய்கள் எல்லாம் எழுந்து நின்றன.

"எழுவத்தெட்டு மாமா! எழுவத்தெட்டு!"

யேசுவடியான் சட்டை போடாமல் வெளியே வந்தான். "பாண்டி வயசாம்மா சொல்லுத?"

"மார்க்கு!"

பதினெட்டும் தேறிவிட்டாள். பட்டதாரி. சீனிப்பாண்டிக்குப் போன் போட்டாள். அவன் லாரியை ஓரம் கட்டி ஹாரன் அடித்தது இங்கே கேட்டது.

"நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான் மாமா. எழுவதத் தாண்டிருச்சு" என்றாள். "பஞ்சாரத்துக்கு வெளிய நிக்கேன்."

"நான்தான் சொன்னேன்ல, ஒத்தப் பெட்டி எங்கயும் போகும்னு. அது மேலயும் போகும்."

ராத்திரிக்குக் கோழி அடிக்கலாம் என்றான் யேசுவடியான். பஞ்சாரத்தை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். மூன்று முறை கவிழ்த்தேன், மூன்று முறையும் வெறும் தரை. கோழி ஓட்டின்மேல் ஏறி நின்று எங்களைப் பார்த்தது. கடைசியில் முட்டைக் குழம்பு.

பழைய ஹால் டிக்கெட்டையும் புதியதையும் ஒன்றாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். பத்திரமாக வைத்திருக்கச் சொன்னாள். இரண்டிலும் அவள் படம். பழையதில் ஒல்லியாக இருக்கிறாள். என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இன்றைக்கு இது ஏழாவது பக்கம். அறுபத்தொன்பதாம் வருஷம் தொடங்கி ஆலையில் நடந்த எல்லாவற்றையும் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் போல் இருக்கிறது. கை வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்ல மாமா, நீங்க சொல்லுங்க" என்கிறாள்.